45இல் மொத்தமாக விடுவதா, பாதி வேலைக்கு மாறுவதா, 55 வரை பொறுப்பதா?

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு, பள்ளியில் படிக்கும் பிள்ளை, ஊரில் வயதான பெற்றோர் என்று இருக்கும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பத்துக்கு, 45 வயதில் வேலையை அடியோடு விடுவதைவிட வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு 55 வரை ஓட்டுவதுதான் பெரும்பாலும் சரிப்படும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் அப்படி, யாருக்கு அது ஒத்துவராது என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

'ஃபயர்' (நிதிச் சுதந்திரம், சீக்கிர ஓய்வு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இளையர்கள் பேசிக்கொள்கிறார்களே, அதன் சாரம் எளிது. ஆண்டுச் செலவைப் போல 25 மடங்குப் பணத்தைச் சேர்த்து முதலீட்டில் போட்டுவிட வேண்டும். அதிலிருந்து ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, சம்பளத்தை நம்பாமல் காலம் தள்ளலாம். அப்புறம் வேலைக்குப் போவதும் போகாததும் நம் இஷ்டம். சட்டப்படி இங்கே ஓய்வு வயது 2026 ஜூலை 1 முதல் 64, மறுவேலை நியமன வயது 69. 2030க்குள் இவை 65, 70 ஆகும். அது வயதைக் காட்டி முதலாளி நம்மை அனுப்பக்கூடாது என்பதற்கான வரம்பு. நாமாகக் கிளம்பினால் யாரும் தடுக்கப் போவதில்லை.

இந்த 4 விழுக்காடு எங்கிருந்து வந்தது? வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் வெளியிட்ட கணக்கு அது. 1926 முதலான அமெரிக்கப் பங்கு, கடன்பத்திர விவரங்களை எடுத்துக்கொண்டு, முதலாண்டில் 4 விழுக்காடு எடுத்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 ஆண்டு தாங்கும் என்று காட்டினார். 65 வயதில் ஓய்வுபெறும் அமெரிக்கருக்கு 30 ஆண்டு போதும். 45 வயதில் நிறுத்துகிறவருக்கு 40 ஆண்டாவது வேண்டும். அதுவும் நாம் செலவு செய்வது வெள்ளியில். 1970களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலர் ஏறத்தாழ 3 வெள்ளியாக இருந்தது, இப்போது 1.30ஐ ஒட்டி நிற்கிறது. பணம் முழுவதையும் அமெரிக்கப் பங்குகளில் போட்டுவைத்து இங்கே சாப்பிடுகிறவருக்கு இந்தத் தேய்மானமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே 4 என்பதை அப்படியே நம்பாமல் 3.5 என்றோ, பயந்த சுபாவம் என்றால் 3 என்றோ வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

பேச்சுக்கு ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 45. செங்காங்கில் நான்கறை வீடு, கடன் அநேகமாகக் கட்டி முடிந்தது. உயர்நிலைப் பள்ளியில் ஒரு மகள். கார் கிடையாது, சிறிய காருக்கான வாகன உரிமைச் சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிப் பார்த்த ஊரில் காருக்கும் சீக்கிர ஓய்வுக்கும் ஒன்றாக ஆசைப்படுவது கொஞ்சம் அதிகம். மாதச் செலவு 4,500 வெள்ளி.

இந்த 4,500ஐ எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மளிகை, தேக்காவில் வாங்கும் ஆட்டுக்கறி, மின்சாரம், தண்ணீர், நகர மன்றக் கட்டணம், துணைப்பாட வகுப்பு, காப்புறுதி, ஊருக்கு அனுப்பும் பணம் என்று மாதாமாதம் போவது எல்லோருக்கும் நினைவிருக்கும். டிசம்பர் விடுமுறையில் மூன்று பேருக்குத் திருச்சி விமானச் சீட்டு, அக்கா மகள் கல்யாணத்துக்கு ஒரு சங்கிலி, அப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை, திடீரென்று படுத்துவிடும் ஏர்கான் என்பவையெல்லாம் 'அவசரச் செலவு' என்ற பெயரில் கணக்குக்கு வெளியே நின்றுவிடும். வருஷா வருஷம் ஏதாவது ஓர் அவசரம் வருகிறது என்றால் அது வழக்கமான செலவுதான். மூன்று ஆண்டு வங்கிக் கணக்கை எடுத்து, மொத்தமாகப் போனதை 36ஆல் வகுத்தால் உண்மையான மாதச் செலவு வந்துவிடும்.

வேலைக்குப் போகாவிட்டால் செலவு தானாகக் குறையும் என்றும் சிலர் கழித்துவிடுகிறார்கள். அலுவலக மதிய உணவும் எம்ஆர்டி கட்டணமும் மிச்சம்தான். ஆனால் பகல் முழுவதும் வீட்டில் இருந்தால் குளிரூட்டியும் பகல் முழுவதும் ஓடும். பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும்வரை விமானச் சீட்டும் விடுமுறைக் கால விலைதான்.

சரி, மாதம் 4,500 என்றால் ஆண்டுக்கு 54,000. அதற்கு 25 மடங்கு 1.35 மில்லியன் வெள்ளி. 3.5 விழுக்காடு மட்டும் எடுப்பது என்று வைத்தால் 1.54 மில்லியன்.

மத்திய சேமநிதியில் (மசேநி) இருக்கும், எடுக்க முடியாது

இருபது ஆண்டு வேலை பார்த்த இருவருக்கு இந்தத் தொகையில் பெரும்பகுதி இருக்கவும் கூடும். சிக்கல் என்னவென்றால் அது இருக்கும் இடம். 55 வயதுக்கு உட்பட்டவரின் சம்பளத்தில் 20 விழுக்காடும் முதலாளி தரும் 17 விழுக்காடும் மத்திய சேமநிதிக்குப் போகின்றன. 2026 முதல் மாதம் 8,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு இது பொருந்தும். அதில் வீட்டுக்கும் பயன்படும் சாதாரணக் கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு, ஓய்வுக்கான சிறப்புக் கணக்குக்கும் மருத்துவத்துக்கான மெடிசேவுக்கும் 4 விழுக்காடு வட்டி. ஆபத்தில்லாமல் 4 விழுக்காடு வேறு எங்கே கிடைக்கிறது? ஆனால் 55 வரை அதை ரொக்கமாகத் தொட முடியாது.

55இல் ஓய்வுக்காலக் கணக்கு திறக்கப்படும். 2026இல் 55ஐ எட்டுகிறவர் அதில் வைக்க வேண்டிய முழு ஓய்வுக்காலத் தொகை 220,400 வெள்ளி. அதற்கு மேல் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டைப் பிணையாகக் காட்டினால் அடிப்படைத் தொகையான 110,200ஐ மட்டும் வைத்துவிட்டு மீதியை எடுக்கலாம், மாதப் பணம் அதற்கேற்பக் குறையும். அந்த மாதப் பணம், அதாவது சிபிஎஃப் லைஃப், 65இல்தான் தொடங்கும். இன்றைய முழுத் தொகைக்கு மாதம் ஏறத்தாழ 1,700 வெள்ளி கிடைக்கும், உயிருள்ளவரை வரும். 70 வரை தள்ளிப்போட்டால் தள்ளும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 7 விழுக்காடு வரை கூடும்.

ஆகவே சிங்கப்பூரில் சீக்கிர ஓய்வு என்பது இரண்டு கணக்கு. ஒன்று 65க்கு மேல். அதை மசேநி ஓரளவு பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, வேலையை விட்ட நாளிலிருந்து 55 வரையும் அங்கிருந்து 65 வரையும் உள்ள இடைப்பட்ட ஆண்டுகள். மொத்தச் சொத்தை மட்டும் பார்த்து "நான் எட்டிவிட்டேன்" என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாவதைக் கவனிப்பதில்லை. தலைப்பில் கேட்ட மூன்று வழிகளோடு, செலவு குறைந்த ஊருக்குப் போவதையும் சேர்த்து, நான்கு வழிகளையும் நான் இந்த இடைக்காலத்தை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

மொத்தமாக விட்டுவிட்டால்

நம் செங்காங் தம்பதி இன்றே நிறுத்திவிடுகிறார்கள் என்று வைப்போம். முதலீட்டு வருமானம் விலைவாசியை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் வருகிறது என்று கறாராகக் கணக்குப் போட்டால், 55 வரை 540,000 வெள்ளி மசேநிக்கு வெளியே ரொக்கமாகவோ பங்காகவோ வேண்டும். 55 முதல் 65 வரை இன்னொரு 540,000. இதில் ஒரு பகுதியைச் சாதாரணக் கணக்கின் மிச்சம் தாங்கலாம். 65இல் இருவருக்கும் முழுத் தொகை இருந்தால் மாதம் 3,400 வரும். துண்டு விழும் 1,100க்கும் ஏதாவது வேண்டும். ஆனால் அதற்குள் மகள் சம்பாதிக்கத் தொடங்கியிருப்பாள், ஊருக்கு அனுப்புவதும் குறைந்திருக்கும்.

இருவருக்கும் முழுத் தொகை இருக்குமா என்பது அடுத்த கேள்வி. அந்தத் தொகை 2027 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஏறும்படி அறிவிக்கப்பட்டிருக்கிறது. சிறப்புக் கணக்கின் வட்டி 4. இதே வேகம் நீடித்தால், 45 வயதிலேயே சிறப்புக் கணக்கில் இன்றைய முழுத் தொகையை நிரப்பிவிட்டவர் அப்புறம் ஒரு காசு போடாவிட்டாலும் 55இல் அன்றைய முழுத் தொகையை எட்டிவிடுவார். 150,000 வைத்திருப்பவருக்கு அது 222,000 ஆகும். அன்றைய முழுத் தொகையோ 310,000ஐத் தொட்டிருக்கும். குறையும் பங்கு சாதாரணக் கணக்கிலிருந்து இழுக்கப்படும், கையில் எடுக்கும் பணம் அந்த அளவுக்குக் குறையும். சாதாரணக் கணக்கிலிருந்து சிறப்புக் கணக்குக்கு முன்கூட்டியே மாற்றி 4 விழுக்காட்டைப் பிடிக்கலாம், ஆனால் திரும்ப மாற்ற முடியாது. வீட்டுக் கடன் பாக்கி இருந்தால் அவசரப்பட வேண்டாம். 55க்கு முன்பு மசேநிப் பணம் மாதாமாதம் உதவக்கூடிய பெரிய வழி வீட்டுத் தவணைதான். சாதாரணக் கணக்கில் 120,000 இருந்தால், வேலை இல்லாமலேயே பத்தாண்டுக்கு மாதம் 1,000 வெள்ளித் தவணையை அது கட்டிவிடும்.

இடைக்காலப் பணத்தை எங்கே வைப்பது? மூன்று நான்கு ஆண்டுச் செலவைச் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரத்தில் வைப்பது எனக்குப் பிடித்த வழி. ஒருவர் 200,000 வெள்ளி வரை வைத்திருக்கலாம், எந்த மாதமும் அசல் குறையாமல் மீட்டுக்கொள்ளலாம். வட்டி முந்தைய ஓரிரு ஆண்டுகளைவிடக் குறைந்துவிட்டது, உண்மைதான். இதன் வேலை வட்டி தருவது இல்லை. சந்தை விழும்போது பங்கை அடிமாட்டு விலைக்கு விற்காமல் காப்பதே அதன் வேலை. 2022இல் பங்கும் கடன்பத்திரமும் சேர்ந்தே விழுந்தன, 2023 ஜனவரியில் இங்கே மூலாதாரப் பணவீக்கம் 5.5 விழுக்காட்டைத் தொட்டது, பொருள் சேவை வரி 7இலிருந்து இரண்டே ஆண்டில் 9 ஆனது. 2022 தொடக்கத்தில் வேலையை விட்டவர் ஒருவர் விழுந்த பங்கை விற்று ஏறிய விலைக்குச் சாமான் வாங்கியிருப்பார். முதல் ஐந்தாண்டு இப்படி அமைந்துவிட்டால் பின்னால் சந்தை எவ்வளவு ஏறினாலும் எழுந்திருப்பது கஷ்டம்.

துணை ஓய்வுக்காலத் திட்டமான எஸ்ஆர்எஸ் பற்றியும் ஒரு வார்த்தை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஆண்டுக்கு 15,300 வெள்ளி வரை போட்டு வருமான வரியைக் குறைக்கலாம். முதன்முதலாகப் பணம் போட்ட காலத்தில் எது சட்டப்படியான ஓய்வு வயதோ அந்த வயதுக்குப் பிறகு எடுத்தால் பாதிக்குத்தான் வரி. முன்பே எடுத்தால் 5 விழுக்காடு அபராதம், எடுத்தது முழுவதும் வருமானமாகக் கணக்காகும். பலர் இந்த அபராதத்தைக் கேட்டதும் ஓடிவிடுகிறார்கள். வேறு வருமானமே இல்லாத ஆண்டில் முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், சம்பாதித்த காலத்தில் 11.5 அல்லது 15 விழுக்காடு வரியை மிச்சப்படுத்தியவருக்கு 5 விழுக்காடு அபராதம் அவ்வளவு மோசமில்லை.

மொத்தமாக விடும் வழி யாருக்கு? குழந்தை இல்லாத தம்பதிக்கு, ஊரில் பொறுப்பு முடிந்தவருக்கு, மசேநிக்கு வெளியே ஒரு மில்லியனுக்கு மேல் வைத்திருப்பவருக்கு. மற்றவர்களுக்கு இது முடியாது என்று சொல்லவில்லை. தூக்கம் கெடும்.

பாதி வேலை

இதே தம்பதி இருவரும் சேர்ந்து மாதம் 3,750 வெள்ளிக்குப் பகுதிநேர வேலை பார்க்கிறார்கள் என்று வைப்போம். ஆளுக்கு 1,875. 20 விழுக்காடு மசேநிக்குப் போனபின் கைக்கு 3,000 வரும். செலவு 4,500. சேமிப்பிலிருந்து மாதம் 1,500 எடுத்தால் போதும், ஆண்டுக்கு 18,000. பத்தாண்டுக்கு 180,000 வெள்ளி.

முன்பு 540,000 கேட்ட அதே பத்தாண்டு இது. மறுபக்கம் இருவர் மசேநியிலும் சேர்த்து ஆண்டுக்கு 16,650 வெள்ளி ஏறிக்கொண்டிருக்கும், பத்தாண்டில் வட்டியில்லாமலே 166,500. சுருக்கமாகச் சொன்னால், கையிலிருந்து போவதும் மசேநியில் சேர்வதும் கிட்டத்தட்டச் சமம். முழுச் சம்பளத்தில் பாதிகூட இல்லாத வருமானம் இவ்வளவு வேலை செய்வதற்குக் காரணம் ஒன்றுதான்: இடைக்காலத்தில் வரும் ஒவ்வொரு வெள்ளியும் சேமிப்பில் ஒரு வெள்ளியைத் தொடாமல் விடுகிறது. தொடாத அந்தப் பணம் சந்தை விழுந்தாலும் எழும்வரை காத்திருக்கும். மெடிசேவும் நிரம்பிக்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட வேலை கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டைக் கேட்பதற்கு முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் நடப்பில் உள்ளன. தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் எழுத்தில் கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் தர வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருந்தாலும் முன்பு மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துக் கேட்கத் தயங்கியதை இப்போது ஒரு படிவத்தில் கேட்கலாம்.

ஈசூனில் இருக்கும் என் நண்பர் ஒருவர், கப்பல் துறையில் பொறியாளர், இப்படித்தான் வாரம் மூன்று நாளுக்கு மாறினார். சம்பளம் 60 விழுக்காடாகக் குறைந்தது. வேலை முதல் ஆறு மாதம் குறையவே இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு "பத்து நிமிஷம் மட்டும் உள்ளே வாங்க" என்று அழைப்பார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வரைபடம் வரும். மனைவியோடு சந்தைக்குப் போனாலும் கையில் கைப்பேசியோடு மீன்கடை ஓரமாக நின்று பேசிக்கொண்டிருப்பார். கடைசியில் எந்த வேலை தன்னுடையது, எது மற்றவருடையது என்று பட்டியல் போட்டு மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அடங்கியது. நாளைக் குறைப்பதற்கு முன் பொறுப்பைக் குறைக்க வேண்டும் என்பது அவர் எல்லோருக்கும் சொல்லும் யோசனை. இன்று அவர் திங்களும் வெள்ளியும் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிடுகிறார்.

இருக்கும் இடத்திலேயே கிடைக்காவிட்டால் வெளியே தேட வேண்டும். வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை பார்ப்பவர் சட்டப்படி பகுதிநேர ஊழியர். விடுப்பு, பொது விடுமுறை எல்லாம் அந்த விகிதத்தில் உண்டு, முதலாளியின் மசேநிப் பங்கும் உண்டு. கணக்கு, மனிதவளம், தகவல் தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்குச் சிறு நிறுவனங்களில் இடம் இருக்கிறது. துணைப்பாடம் நடத்துவது நம்மவர்களுக்குக் கைவந்த கலை, தமிழுக்கும் கணிதத்துக்கும் கேட்பு உண்டு. ஆனால் சுயதொழில் என்றால் முதலாளி பங்கு என்று எதுவும் வராது. நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவுக்கு நாமேதான் கட்ட வேண்டும். மேலே போட்ட கணக்கில் பாதி அழகு முதலாளி பங்கில் இருக்கிறது, ஆகவே அதே வருமானம் சுயதொழிலில் வந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சம்பாதித்தாக வேண்டும். வேறு துறைக்கு மாற நினைப்பவர்களுக்கு 40 வயதிலிருந்து கிடைக்கும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதி இருக்கிறது. அதைக் கேக் செய்யும் வகுப்புக்குச் செலவழிக்க முடியாது, வேலைக்கு வழிகாட்டும் பயிற்சிகளுக்கு மட்டும்தான்.

இந்த வழியில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. பதவி போய்விடும். குழுவை நடத்தியவர் குழுவில் ஒருவராக ஆவார், தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரிடம் விடுப்புக் கேட்பார். இதைத் தாங்க முடியாதவர்கள் ஒரே ஆண்டில் முழுநேரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள், அல்லது கோபத்தில் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் "இப்போ எங்கே இருக்கீங்க?" என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது என்று கணவனும் மனைவியும் முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது. சிரிப்பாக இருக்கும், ஆனால் பல வீடுகளில் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

55 வரை பொறுப்பது

கணக்குப்படி இதுதான் பத்திரமானது. இடைக்காலம் பாதியாகிவிடும், முழுத் தொகை நிரம்பிவிடும், மிச்சத்தை 55இல் எடுக்கலாம். இதில் சொல்ல அதிகமில்லை. ஒன்றே ஒன்று: பத்தாண்டுக்கு வேலை நம் கையில் இருக்கும் என்ற நம்பிக்கையில் இந்தத் திட்டம் நிற்கிறது. நாற்பதுகளின் பிற்பகுதியில் ஆட்குறைப்பு வந்தால் நாம் முடிவெடுக்கும் முன் கம்பெனி முடிவெடுத்துவிடும், அப்போது அதே சம்பளத்தில் மறுவேலை எளிதில் அமையாது. ஆகவே 55 வரை பொறுப்பவரும் மசேநிக்கு வெளியே இரண்டு மூன்று ஆண்டுச் செலவைச் சேர்த்தே ஆக வேண்டும். வேலை பிடித்திருக்கிறது, உடம்பு ஒத்துழைக்கிறது என்றால் தாராளமாக இதைத் தேர்ந்தெடுக்கலாம். பிடிக்காத வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு பத்தாண்டு இருக்கச் சொல்லி நான் யாரையும் கேட்க மாட்டேன்.

ஜோகூர், இல்லை ஊருக்கே

நான்காவது வழி செலவைக் குறைக்க இடத்தை மாற்றுவது. குடிமக்கள், வழக்கமான கழக வீட்டில் ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்தபின், வீவக அனுமதியோடு வீட்டை முழுதாக வாடகைக்கு விடலாம். நான்கறை வீட்டுக்கு மாதம் 3,000 வெள்ளியைச் சுற்றிக் கிடைக்கும். வாடகைக்கு வருமான வரி உண்டு, சொந்தக்காரர் குடியிராத வீடு என்பதால் சொத்து வரி விகிதமும் கூடும். இருந்தாலும் இந்த 3,000 பாதி வேலையில் வந்த 3,000க்கு ஈடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜோகூர் பாருவுக்குப் போனால் வாடகை, சாப்பாடு எல்லாம் குறையும். 2026 இறுதிக்குள் தொடங்கவிருக்கும் ஆர்டிஎஸ் ரயில், உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகாருக்கு ஐந்து நிமிடத்தில் கொண்டுபோய் விடும். ஆனால் சுற்றுப்பயணி அனுமதியிலேயே அங்கு குடியிருக்க முடியாது, நீண்டகால விசாவுக்கு வைப்புத்தொகை, வீடு வாங்குவது என்று தனி நிபந்தனைகள் உண்டு. மகள் இங்கே படிக்கும்வரை தினமும் அதிகாலையில் எழுப்பி எல்லை தாண்ட வைக்கவும் மனம் வராது. பிள்ளைகள் வளர்ந்தபின் யோசிக்கலாம்.

தமிழ்நாடு என்றால் கணக்கு தலைகீழாகும். மாதம் 4,500 வெள்ளி என்பது மூன்று லட்சம் ரூபாய்க்கு அருகில். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ அதில் பாதி இருந்தாலே வசதியாக வாழலாம், பெற்றோரும் பக்கத்தில் இருப்பார்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர்கள், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையோடு அங்கே தங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. ஒரு நிதியாண்டில் 182 நாள் தங்கினால் இந்தியாவில் வரிக் குடியிருப்பாளர் ஆகிவிடுவோம். இங்கே வரியே இல்லாத பங்கு ஈவும் மூலதன லாபமும் சில ஆண்டுகளில் அங்கே வரிக்கு வரலாம். கிளம்பும் முன் இரண்டு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

பெரிய குறை மருத்துவம். மெடிசேவைத் திருச்சி மருத்துவமனையில் காட்ட முடியாது, அரசின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும் அங்கே செல்லாது. அங்கே தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும், ஐம்பதை நெருங்கும்போது எடுத்தால் பிரீமியமும் ஏறும், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காத்திருப்புக் காலமும் போடுவார்கள். ஆகவே இந்த வழியில் போகிறவர் இங்குள்ள வீட்டை விற்காமல் போவதே நல்லது. விற்றுவிட்டு ஐந்தாண்டு கழித்துத் திரும்ப வந்தால் அன்றைய விலையில் வீடு வாங்க வேண்டியிருக்கும்.

நிரந்தரவாசியாக இருப்பவர்கள்

மேலே சொன்னதில் பாதி இவர்களுக்குப் பொருந்தாது. கழக வீட்டை முழுதாக வாடகைக்கு விட முடியாது. நிரந்தரவாசத் தகுதியை வெளிநாட்டில் இருக்கும்போதும் தக்கவைக்க மறுநுழைவு அனுமதி வேண்டும், அது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பிக்கப்படுவது. வேலையும் வருமானமும் இல்லாதவர் புதுப்பிக்கப் போகும்போது எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நிரந்தரவாசி 45இல் மொத்தமாக வேலையை விடுவதில் எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் இதுதான். பாதி வேலை என்றால் மசேநிச் சந்தா தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும், கையில் காட்ட ஏதாவது இருக்கும்.

மறுபக்கம், இந்தியக் குடியுரிமையோடு இருக்கும் நிரந்தரவாசிக்கு, சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு எளிதில் கிடைக்காத ஒரு கதவும் இருக்கிறது. நிரந்தரவாசத்தை விட்டுக்கொடுத்து ஊருக்கே போய்விட்டால் மசேநிப் பணம் முழுவதையும், 55 ஆகாவிட்டாலும், எடுத்துக்கொள்ளலாம். இடைக்காலச் சிக்கலே இல்லை. ஆனால் அந்தக் கதவு ஒருபக்கம்தான் திறக்கும், ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியும் உயிருள்ளவரை வரும் மாதப் பணமும் அதோடு போய்விடும். வீட்டில் பையன் இருந்தால் தேசிய சேவையையும் யோசிக்க வேண்டும். சேவை செய்யாமல் தகுதியை விட்டவர் பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் அது அவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்படும்.

எந்த வழியானாலும்

நம் செங்காங் தம்பதிக்கு நான் சொல்வது இது: மசேநிக்கு வெளியே 300,000 வெள்ளியும் கடனில்லாத வீடும் இருந்தால் அடுத்த ஆண்டே பாதி வேலைக்கு மாறலாம். 180,000 பத்தாண்டுக்கு, மீதி எதிர்பாராததுக்கு. 55 தாண்டியும் கொஞ்ச காலம் ஏதாவது சிறு வேலை பார்க்க வேண்டியிருக்கலாம், அதற்கு மனதளவில் தயாராக இருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் மாறாமல், ஒருவர் முதலில் மாறி ஓராண்டு பார்ப்பது இன்னும் நல்லது. காப்புறுதி தரும் கம்பெனியில் இருப்பவர் கடைசியாக மாறட்டும்.

ஏனென்றால் வேலையை விட்டதும் நிறுவனக் குழுக் காப்புறுதி நின்றுவிடும். மெடிஷீல்டு லைஃப் எல்லோருக்கும் உண்டு, அதன் பிரீமியத்தை மெடிசேவிலிருந்தே கட்டலாம். தனியார் மருத்துவமனையோ அரசு மருத்துவமனையின் ஏ வகுப்போ வேண்டும் என்று ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டம் எடுத்தால், அதன் கூடுதல் பிரீமியத்துக்கு மெடிசேவிலிருந்து 41 முதல் 70 வயதுவரை ஆண்டுக்கு 600 வெள்ளிதான் எடுக்க முடியும். மேல்போகும் தொகையும் துணைத் திட்டத்தின் பிரீமியமும் ரொக்கம். வயது ஏற ஏற இது ஏறும், 4,500 கணக்கில் இதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். புதிதாக எடுக்கும்போது உடல்நிலையைக் கேட்பார்கள், இருக்கும் நோயை விலக்கிவிடவும் கூடும். ஆகவே ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்குச் சில மாதம் முன்பே விண்ணப்பித்து, ஒப்புதல் கையில் வந்தபின் கடிதத்தைக் கொடுக்கலாம். ஆண்டிறுதி போனஸ் எந்தத் தேதியில் வேலையில் இருப்பவருக்குத் தரப்படும் என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுத் தேதியைப் போடுங்கள்.